மூன்றாவது பெட்டி

ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் இருக்கவில்லை. கல்லறைக்கும் சமாதி மண்டபத்துக்கும் என்ன வித்தியாசம் என்று டீச்சர் ப்ராஜெக்ட் கொடுத்தபோது அதுவும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. உடலை வைக்கும் இடம் கல்லறை. அந்தக் கல்லறைக்கு மேல், ஆட்கள் உள்ளே போய் நிற்கும்படி எழுப்பிய கட்டடம் சமாதி மண்டபம். இரண்டையும் அட்டையில் செய்து கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

செய்வதற்கு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. ஊரில் போர் முடிந்தபின் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, ஹோம்புஷ் ஃபிளாட்டில் எங்களோடு இருந்தார். வீட்டுக்கு வரும் அன்ரிமார் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். வெட்கப்படுகிறார் என்று நான் கேலி செய்வேன்.

அசலைப் பார்க்காமல் மாதிரி செய்ய முடியாது என்று, ஒரு சனிக்கிழமை அம்மாவிடம் லைப்ரரி என்று புளுகிவிட்டு, மாமா என்னைப் பெரிய சவக்காலைக்குக் கூட்டிப்போனார். பளிங்கு மண்டபங்கள் ஒரு தெரு நீளத்துக்கு நின்றன. ஒன்று திறந்திருந்தது. வயதான இத்தாலியப் பெண்மணி ஒருவர் சுவரில் பொறித்திருந்த கணவரின் பெயரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டினார். மாமா சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். எனக்கு மானம் போயிற்று. அந்த அம்மா தந்த மடக்குக் கதிரையில் உட்கார்ந்தவர், நான் நான்கு சுவரையும் அளந்து முடித்த பிறகும் எழும்பவில்லை.

காரில் வரும்போது கேட்டார். "உள்ளுக்கு ஆள் இல்லாட்டி, பிள்ளை?"

"அப்ப அது கல்லறை இல்லை, மாமா. பாடி இருக்கோணும். ஷீட்டில அப்பிடித்தான் போட்டிருக்கு."

"ஓம், சரிதான்" என்றார்.

வீட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பச்சைப்பிள்ளையைச் சவக்காலைக்கோ கொண்டு போனனி?" என்று அம்மா பாய்ந்தார். இருவரும் தலைமுழுகும்வரை குசினிப்பக்கம் விடவில்லை.

மறுநாள் மாமா அட்டையில் மூன்று பெட்டி செய்தார். ஒன்று கல்லறை, உள்ளே களிமண் பொம்மை படுத்திருந்தது. இன்னொன்று கதவு வைத்த மண்டபம். மூன்றாவது சின்னது, மூடி வைத்தது. அதற்குத்தான் அதிக நேரம் எடுத்து வெள்ளை பூசினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"இதையும் வைப்பமோ?"

"இது கேள்வியிலேயே இல்லை, மாமா."

அவர் வற்புறுத்தவில்லை. எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது.

எனக்கு ஒரு மாமி, மாமாவின் மனைவி, இருந்தார் என்பதை என் பதினாறாவது வயதில்தான் அம்மா சொன்னார். போரின் கடைசி நாட்களில் சனநெரிசலில் மாமாவின் கை விட்டுப் போனவர். உடல் கிடைக்கவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதியும் இல்லை. ஏப்ரல் தோறும் எங்கள் பள்ளி மலர் வைத்த போர் நினைவுத் தூணின் அடியிலும் யாரும் கிடையாது என்பதை அப்போதுதான் யோசித்தேன். கடல் கடந்து சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு இந்த ஊரே கல் நட்டிருக்கிறது. நான் என் மாமிக்கு ஓர் அட்டைப்பெட்டியளவு இடம் கொடுக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் அந்த மூன்றாவது பெட்டியை நான் வீசிவிடவில்லை. அழிறப்பரும் பென்சில் சீவியும் போட்டு மேசையில் வைத்திருந்தேன். வேலையால் வந்ததும் மாமா தினமும் என் மேசைக்கு வந்து அதன் மூடியைச் சரிசெய்துவிட்டுப் போவார். அவருக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.