இரண்டரை நாள் ஐஸ் கொம்பனி

ஒரு ஐஸ்கட்டிகூடச் செய்து பழக்கமில்லாத மனிதரை, பிரதேச சபைக் கந்தோரின் கோப்பிலே ஐஸ் உற்பத்தியாளராக்கிவிட்டவன் நான். அதுவும் பட்டப்பகலில், கண்ணாடி போட்டுக்கொண்டு, என் சொந்தப் பேனையால். எழுத்து மட்டும் அழகாக இருந்தது. எனக்குச் சார்பாகச் சொல்ல வேறொன்றுமில்லை.

அவர் ஏசி பூட்டுகிறவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த வருடங்களில் தொழில் பழகி, சண்டை முடிந்தபின் மன்னாருக்குத் திரும்பி, எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். மன்னார்த் தீவின் தென்கரையில் ஒரு முதலாளி கலியாண மண்டபம் கட்டி முடிக்கிற நேரம். மண்டபம் முழுவதற்கும் ஏசி. அந்த வேலை கிடைத்தால், வீடு வீடாகப் போய் ஃபில்டர் கழுவுகிற பிழைப்பு போய், கொந்தராத்துக்காரர் என்று ஒரு பெயர் வரும். போட்டிக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய கொம்பனி. முதலாளி கேட்டது இரண்டு: வெள்ளிக்கிழமைக்குள் கொட்டேசன், அதோடு சபை தருகிற தொழில் அனுமதிப்பத்திரம். முதலாவதை இவர் எழுதி வைத்திருந்தார். இரண்டாவதை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதேயில்லை.

"விண்ணப்ப ஃபோமை நீங்கள் நிரப்பித் தாங்கோ மாஸ்டர். நான் நிரப்பினா கந்தோரில சிரிப்பினம்."

தொழிலைப் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று சொல்லி அவரோடு மண்டபத்துக்குப் போனேன். அது சாட்டு. உண்மையில் எனக்கு விடுப்புப் பார்க்கிற ஆசை. மன்னாரில் ஏசி பூட்டுகிறவன் சுவரைத்தான் பார்ப்பான் என்று நினைத்திருந்தேன். இவர் ஒரு கம்பின் நுனியில் வலைநூல் கட்டி, மண்டபத்தின் நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு, நேர்த்திக்கடன் வைத்தவர் மாதிரி அசையாமல் நின்றார்.

"என்ன பாக்கிறீங்கள்?"

"சோழகக் காத்து எங்க வந்து முட்டுது எண்டு. வெளிப்பெட்டியைக் கடல் பக்கம் வைச்சா, காத்து உப்பைக் கொண்டந்து அப்பும். உள்ளுக்க தகடெல்லாம் நோன்புக் கஞ்சி மாதிரிக் கரைஞ்சிடும்."

"அப்ப கொம்பனிக்காரர்?"

"அவை பின்சுவரில வரிசையாப் பூட்டுவினம். வடிவாயிருக்கும். பின்சுவர் கடலைப் பாத்துக்கொண்டு நிக்குது."

"பழுதானால் அவைக்கு நட்டம்தானே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பழுதானா இன்னொண்டு விக்கலாம், மாஸ்டர். எனக்கு அப்பிடி ஏலாது. ஜும்மாவில முதலாளிக்குப் பக்கத்தில நிக்கோணும்."

அவருடைய திட்டத்தில் பெட்டிகள் எல்லாம் வடக்கே, வாசல் பக்கம், கழுதை முதுகு சொறிய எட்டாத உயரத்தில். அந்த உயரத்தை அவர் அளந்தது நாடாவால் அல்ல. தெருவில் நின்ற ஒரு கழுதையைப் பார்த்து. பொம்பிளை மாப்பிள்ளை படமெடுக்கிற இடத்தில் இரும்புப் பெட்டிகளா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு, தொழில் தெரியாதவன் என்று பேசாமலிருந்தேன். அந்தப் பணிவு அன்று பின்னேரமும் இருந்திருக்கலாம்.

ஃபோமோடு தொழில்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பேக்கரி, சலூன், அரிசி ஆலை, கருவாடு என்று போனது. ஏசியைக் காணவில்லை. கடைசி வரி: ஐஸ் உற்பத்தி. நான் யோசித்தேன். யோசித்ததுதான் பிழை. இந்தத் தீவுக்குக் குளிர் என்பது எப்போதும் மீன்பெட்டிக்குள்தான் வந்திருக்கிறது. பாலம் தாண்டி வந்த குளிரெல்லாம் பாரை மீனோடும் அறக்குளாவோடும் திரும்பிப் போயிருக்கிறது. ஆகவே சபையின் கண்ணில் குளிர் சம்பந்தப்பட்டதெல்லாம் ஐஸ்தான் என்று முடிவுகட்டி, சரி போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை அவர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

புதன்கிழமை சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கிற போத்தல். நான் இவர் வீட்டு வேலியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐஸ் எங்க?"

"ஐஸ் இல்லை, சேர்."

"உற்பத்தி இன்னும் தொடங்கேல்லையோ?"

"தொடங்கிற எண்ணமும் இல்லை, சேர்."

பரிசோதகர் ஃபோமைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "இந்த உவர்த்தண்ணியில ஐஸ் போட்டா மீனே கோவிக்கும்" என்று சொல்லிக்கொண்டே, அனுமதி கொடுக்க முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நானும் இவரும் கந்தோருக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை என்னிடம் படித்தவள். அவள் பட்டியலை மறுபக்கம் பிரட்டினாள். அங்கே, குளிர்சாதனப் பெட்டி மற்றும் ஏசி பொருத்துதல், திருத்துதல் என்று தெளிவாக, தனி வரியில் இருந்தது.

"சேர், வினாத்தாளைப் பிரட்டிப் பாருங்கோ எண்டு எங்களுக்குத் தொண்டை கிழியக் கத்தினது நீங்கள்தானே?"

பக்கத்து மேசைகள் சிரித்தன. அவள் தலைக்கு மேலே கந்தோரின் ஏசி சொட்டுச் சொட்டாக ஒரு வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்கச் சரிச்சுப் பூட்டியிருக்கிறான். ரெண்டு நிமிச வேலை" என்று எழும்பினார். நான் அவர் காலை மிதித்தேன். "இருங்கோ. இப்ப தொட்டா அதுக்குப் பேர் லஞ்சம்."

ஐஸ் கொம்பனி மத்தியானத்தோடு ரத்தானது. புதிய ஃபோமை அவளே நிரப்பினாள். ஆனால் கையெழுத்து வைக்கிற அதிகாரி லீவு, திங்கட்கிழமைதான் வருவார். வெள்ளிக்கிழமை இவர் வெறும் கொட்டேசனோடு முதலாளியிடம் போனார். திங்கட்கிழமை அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அடுத்த நாள் கொழும்பு லொறி பாலத்தால் வந்தது. பெட்டிகளைப் பின்சுவரில், கடலைப் பார்த்து, வரிசையாகப் பூட்டினார்கள். வடிவாகத்தான் இருந்தது.

நான் ஒரு கிழமை அவர் கண்ணில் படாமல் சுற்றுவழியால் பள்ளிக்கூடம் போய் வந்தேன். ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை ஒரு சரி அடையாளத்தால் கெடுத்தவன் நான் என்ற நினைப்பு, கொஞ்சம் பெருமைக்கும் பக்கத்தில் நின்றது. கடைசியில் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் யாரோ ஒருவருடைய வீட்டு மூலையில் நூல்கட்டிய கம்போடு நின்றார். நான் தயாரித்து வைத்திருந்ததை முழுக்கச் சொல்லி முடித்தேன்.

"ஐயோ மாஸ்டர், விடுங்கோ" என்றார், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொம்பனிக்கு முதலாளி முன்னமே வாக்குக் குடுத்திட்டாராம். அவையின்ர விலையைக் குறைக்கத்தான் என்ர கொட்டேசன் தேவைப்பட்டதாம். ஜும்மா முடிய அவரே சொன்னவர். உங்கட பிழையால ஒண்டும் கெடேல்லை. அந்தளவுக்கு எங்கள் ரெண்டு பேரையும் ஆரும் கணக்கெடுக்கேல்லை."