மழை வந்த பிறகே வரும் கார்கள்

இடது கையால் தூளியை ஆட்டிக்கொண்டே வலது கையால் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கார் வைப்பர் ரிப்பேர் என்கிற தொழிலும் கைக்குழந்தை மாதிரிதான். வெயில் காலம் முழுக்கத் தூங்கும். நாலு தூறல் விழுந்தால் ஊரிலுள்ள அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து அழும். ஏதாவது ஒரு ரிப்பேர் கடையில் நின்று வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழந்தை பிறக்கும்வரை ஓசூரில், பாகலூர் ரோட்டில், அந்தோணி அண்ணனின் கார் எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்த்தேன். போன வாரம் அண்ணன் போன் செய்தார். மழை வரப்போகிறது, திரும்ப வருகிறாயா, சனிக்கிழமைக்குள் சொல், இல்லையென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றார். எனக்குப் போக ஆசை. என் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, சாமல்பட்டியிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். குழந்தையை அவர் பார்த்துக்கொண்டால்தான் நான் போக முடியும். கேட்கத்தான் வாய் வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். எங்கம்மாகிட்ட நீயே கேளு என்று ஷிப்டுக்குப் போய்விட்டார். இன்று சனிக்கிழமை. கேட்பதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சின்னக் கை

மத்தூரில் எட்டாவது வரை படித்தேன். கல்யாணமாகி ஓசூர் வந்ததும் அண்ணன் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தேன். யார் பேர் கேட்டாலும் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன். ஒருநாள் ஒரு டாக்சி வந்தது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, வைப்பர் அசையவில்லை. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள சந்தில், இரண்டு வைப்பரையும் இழுக்கிற கம்பி தன் குழியை விட்டுக் கழன்று கிடந்தது. அழுத்தி மாட்டினால் போதும். ஆனால் எலெக்ட்ரீஷியன் முனிராஜ் அண்ணாவின் கை உள்ளே போகவில்லை. மேல்மூடி முழுவதையும் கழற்ற வேண்டும் என்று முனகினார். டிரைவரோ சவாரி போகிறது என்று குதித்தார்.

எனக்கு என்ன தோன்றியதோ, கையை உள்ளே விட்டேன். கம்பி டக்கென்று குழியில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து வைப்பர் வேலை என்னுடையது. முனிராஜ் அண்ணா அத்திப்பள்ளிக்காரர், கன்னடம் கலந்துதான் பேசுவார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனம்மா, களி உருட்டி உருட்டியே என் கை இப்படி ஆயிடுச்சு. நீ சோறு மட்டும்தான் தின்னியா?”

மாமரத்து நிழல்

மாங்காய் சீசனில் மழை இல்லாமலே வைப்பர் கார்கள் வரும். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வருஷா வருஷம் வருவார். கண்ணாடி முழுக்க மாம்பால் சொட்டி, அதன்மேல் தூசி ஒட்டி, வைப்பரைப் போட்டால் கர் கர்ரென்று குதித்துக் குதித்துப் போகும். கண்ணாடியைச் சுத்தம் பண்ணாமல் பிளேடை மட்டும் மாற்றினால், புது ரப்பரும் கிழிந்துதான் போகும். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து நான் வெளியே துடைப்பேன். அவர் உள்ளே உட்கார்ந்தபடி விட்டுப்போன இடத்தை விரலால் காட்டுவார். எனக்கு அது பிடித்திருந்தது. நடுவில் கண்ணாடி இருந்தால் பேச வேண்டியதில்லை.

ஒரு வருஷம் எங்கிருந்தோ தைரியம் வந்து, காரை மரத்தடியில் விடாதீங்க ஐயா என்று சொல்லிவிட்டேன். அவர் கதவுக் கண்ணாடியை நிதானமாக இறக்கினார். “எங்கூர்ல மாமரத்த விட்டா ஏதும்மா நெழலு? நீ சூரியன வேற பக்கம் நிக்கச் சொல்லு, நான் கார வேற பக்கம் நிறுத்தறேன்.”

நிற்காத வைப்பர்

சுவிட்சை அணைத்த பிறகும் ஓடுகிற வைப்பர் இன்னொரு தொல்லை. அணைத்ததும் கீழே வந்து படு என்று சொல்வதற்கு மோட்டாருக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கும். அது தேய்ந்தால் வைப்பர் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். பல்லைக் காட்டுகிற வெயிலில், வறண்ட கண்ணாடியில் சரக் சரக்கென்று இரண்டும் ஆட, சூளகிரியிலிருந்து ஒரு போதகர் ஐயா அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரப்பர் நார் நாராகத் தொங்கியது. கிளம்பும்போதே ஒயரைப் பிடுங்கியிருக்கலாமே என்றார் முனிராஜ் அண்ணா. ஐயா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மழைக்கு ஜெபம் பண்ணிட்டு வெளிய வர்றோம் தம்பி. கார எடுத்தா வைப்பர் ஓடுது. அதப் பாத்துட்டு சனம் பூரா குடை எடுக்க வீட்டுக்கு ஓடுது. அந்த நேரத்துல நான் எப்படி நிறுத்தறது?”

ஆயுத பூஜைக்கு மறுநாள்

எங்களுக்குப் பெரிய சீசன் இதுதான். ஓசூரில் மிஷின், லாரி, கார் எதையும் விட மாட்டார்கள். கழுவிச் சந்தனம் வைத்துப் பூ போடுவார்கள். காரில் மாலை கட்டத் தோதான இடம் வைப்பர். இந்தப் பக்கம் ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு. அந்த நேரம் பார்த்து மழை வரும். பழக்கத்தில் சுவிட்சைத் தட்டுவார்கள். மாலையின் வாழைநார் அச்சில் சுற்றி இறுகிக்கொள்ளும், வைப்பர் பாதியில் நிற்கும், மோட்டார் சூடாகித் தீய்ந்த வாசம் வரும். அன்றைக்கு யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, மாலை எங்கே கட்டினீங்க என்பதுதான்.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மாலையை அறுக்கவே கூடாது என்றார். நான் கத்தரியை எடுத்ததும் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். கடைக்குள் வண்டி நிறைந்திருந்தது. ரோட்டோரத்திலேயே, கொட்டுகிற மழையில், நாரை நகத்தால் கிளறிச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். அவர் பக்கத்தில் நின்று குடை பிடித்தார். மாலைக்கு. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் முடிச்சு அவிழ்ந்து மாலை முழுசாகக் கையில் வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அப்போதுதான் என்னைப் பார்த்த மாதிரி சொன்னார்: “நீ நனஞ்சா தொடச்சுக்கலாம்மா. சாமி மாலை நனஞ்சா அழுகிப்போயிடும்.”

கடைசி நாள்

வயிறு பெரிதான பிறகும் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கர்நாடகா வண்டி, அதே கழன்ற கம்பி. கையை விட்டால் வயிறு வண்டியில் இடிக்கிறது. பக்கவாட்டில் நின்றால் கை எட்டவில்லை. வண்டியை ஓட்டி வந்த அம்மா பதறி இறங்கி, “பேடம்மா, பேட” என்று கன்னடத்தில் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்து, என்னைத் தோளோடு பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். முனிராஜ் அண்ணா மேல்மூடியைக் கழற்றத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா வலி வந்துவிட்டதென்று நினைத்து ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார். அதெல்லாம் இல்லை என்று அவருக்குச் சொல்லிப் புரிய வைத்துவிட்டு, அந்தோணி அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நீ வீட்ல இரும்மா. கைய மட்டும் காலைல பஸ்ல ஏத்தி அனுப்பிவிடு.”

நேற்று சாயங்காலம்

அத்தைக்கு அந்தக் கடை பிடிக்காது. ஆம்பளைங்க நிக்கற எடம் என்று ஒரு தடவை சொன்னார், அதோடு சரி. நேற்று லேசாகத் தூறியது. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, மழை வந்தா கடையில கூட்டமா இருக்கும் அத்தை என்றேன். அவ்வளவுதான் என் தைரியம். பதில் வருவதற்குள், கொடியில் துணி நனைகிறது என்று எழுந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. “எதுக்கு மழைய சாட்சிக்குக் கூப்புடற? கேக்கணும்னா நேரா கேளேன்.”

இன்னும் கேட்கவில்லை. மணி அடித்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று போனைக்கூட அத்தையிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆக, இந்த வைப்பர் தொழிலில் நான் பார்த்தது என்னவென்றால், எதிரே ஒன்றும் தெரியாமல் போன பிறகுதான் எல்லோருக்கும் வாய் திறக்கும், எனக்கு மட்டும் அப்போதும்கூட, இதோ அத்தை கூப்பிடுகிறார், “இந்தா புள்ள, உங்க அந்தோணி அண்ணன் போன்ல இருக்காரு, திங்கக்கெழம எத்தன மணிக்கு வரணும்னு நானே கேட்டுட்டேன், வந்து பேசு” என்று, நான் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள்