கிரேவி மட்டும்

அஜக்ஸ் நகரில் இருக்கும் தம்பி வீட்டுக்குள் நுழைந்ததுமே சொசேஜ் இறைச்சி பொரியும் வாசனை மூக்கில் ஏறியது. பழைய கோபமும் கூடவே வந்தது.

சிறு வயதில் எங்கள் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டில் சனிக்கிழமை மத்தியானம் இதுதான் சாப்பாடு. அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரித்து, தண்ணீர் குடிக்கும் சில்வர் பேணியின் அடியால் மசிப்பது என் வேலை. கை உளையும். அம்மா வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, ஊர்க் கறித்தூள் தூவி, கிரேவி காய்ச்சுவார். சொசேஜ் முழுவதையும் அப்பாவுக்கும் தம்பிக்கும் போட்டுவிட்டு, தன் தட்டிலும் என் தட்டிலும் கிரேவியை மட்டும் ஊற்றுவார்.

"எனக்கு?" என்று கேட்டால், "அவன் ஆம்பிளைப் பிள்ளை, வளர வேணும். நீ கிரேவியோட சாப்பிடு" என்பார்.

நானும் வளர்ந்துகொண்டுதானே இருந்தேன்! அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இன்று தம்பி அடுப்படியில் நின்றபடி ஒரு சொசேஜ் துண்டை நீட்டினான். "அக்கா, என்ன செய்தாலும் அம்மாவின்ர சொசேஜ் ருசி வருகுதில்லை. என்ன குறையெண்டு ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ."

"எனக்கு எப்பிடியடா தெரியும்?" என்றேன். "கிரேவியைத் தா, சொல்லுறன்."