பிடி இல்லாத எடை

கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்காரர் இரும்புகள் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேரே மூலைக்குப் போய், அங்கே கிடக்கும் மணல் மூட்டையைக் கட்டிப்பிடிப்பார். குனிந்து, இரண்டு கைகளையும் அடியில் நுழைத்து, கன்னத்தை அதன்மேல் சாய்த்துத் தூக்கிப் பார்ப்பார். உடற்பயிற்சிச் சாமான் விற்கும் அந்தக் கடைப்பெண் ஆரம்பத்தில் சிரித்தாள். இப்போதெல்லாம், "சார், இதைவிடப் பெரிசு உள்ள இருக்கு," என்று கையைக் காட்டுகிறாள்.

மூக்குக்கண்ணாடி பொருத்துவது அவர் தொழில். கடுகளவு திருகாணியை இடுக்கியில் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு முடுக்குகிற கை அது. அந்தக் கை அதுவரை தூக்கிய பெரிய சுமை மதியச் சாப்பாட்டுப் பையாகத்தான் இருக்க வேண்டும். ஆளைச் சட்டைக்குள் தேடித்தான் கண்டுபிடிக்கலாம்.

போன மழைக்காலத்தில் அவர் மனைவிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவளைத் தினமும் தூக்கி வைப்பவன் கீழ்வீட்டு மெக்கானிக். தங்கமான பிள்ளை. "என்னக்கா, கிளம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டே தலையணையை எடுப்பதுபோல் எடுத்துவிடுவான். அவள் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் நின்று போர்வையின் நுனியைப் பிடித்துக்கொள்வார். மெக்கானிக்மேல் அவருக்குக் கோபம் கிடையாது, வயிற்றெரிச்சல் உண்டு. அவளைத் தன் கையால் ஏந்த வேண்டும். இந்த வயதில் அவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

முதலில் டம்பெல்தான் வாங்கினார். அதையும் மூக்குக்கண்ணாடி வாங்குகிற லட்சணத்தில்தான் வாங்கினார். பிடி உள்ளங்கையில் பதிகிறதா, பூச்சு எங்காவது உரிந்திருக்கிறதா, இரண்டும் ஒரே அச்சாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடிந்ததும் ஜன்னலோரம் நின்று மூச்சு வாங்க வாங்கத் தூக்குவார். புஜத்தில் எலுமிச்சை அளவுக்கு ஏதோ புடைத்ததும் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் வருவதற்குள் முந்திக்கொண்டு, மனைவியைத் தூக்கப் போனார்.

எங்கே பிடிப்பதென்றே தெரியவில்லை. தோளைப் பிடித்தால் இடுப்பு நழுவியது, இடுப்பைப் பிடித்தால் கால் சரிந்தது. கடைசியில் இருவருமாக மெல்ல வழுக்கித் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு என்ன, கைப்பிடி வெச்சிருக்குன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். அவரும் கூடவே சிரித்தார். மெக்கானிக் வந்து இருவரையும் எழுப்பியபோது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் மணல் மூட்டை. கடைப்பெண் நாலு பக்கமும் பிடி தைத்ததை எடுத்துக் காட்டினாள்.

"பிடி இருக்கறது வேணாம்மா."

கெட்டியாக அடைத்த இன்னொன்றைக் காட்டினாள்.

"இதுவும் வேணாம். தூக்குனா உள்ள மணல் ஒரு பக்கமாச் சரியணும்."

"எல்லாரும் சரியாததத்தான் சார் கேப்பாங்க."

"அவங்க மூட்டையத் தூக்கறாங்க," என்றார் அவர். அவளுக்கு விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

மூட்டைக்கு வீட்டில் உடனே பெயர் விழுந்துவிட்டது. "காலங்காத்தால என் சக்களத்தியக் கட்டிப்பிடிச்சாச்சா?" என்பாள் மனைவி. "பாத்து, மெதுவா எறக்குங்க. அவளுக்கு வலிக்கப் போகுது." வாய் கேலி பேசினாலும், அவர் குனிவதையும் நிமிர்வதையும் கட்டிலில் கிடந்தபடி கண் எடுக்காமல் பார்ப்பாள். ஒரு மூட்டை பழகிவிட்டால் அதைக் கொடுத்துவிட்டுக் கனமானதாக மாற்றிக்கொண்டு வருவார். அதற்குத்தான் இந்தக் கடை நடை. இறக்கி வைத்த பிறகும் அவர் கைகள் சற்று நேரம் வளைந்தபடியே இருக்கும். அந்த நேரத்தில் அவளைப் பார்க்க அவருக்கு என்னவோ போலிருக்கும்.

நேற்றுக் காலை அவர் மூட்டைப் பக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டார். அவசரத்தில் அதன் சக்கரத்தைப் பூட்ட மறந்துவிட்டார். ஒரு கையை அவள் முதுகுக்கும் மறு கையை முழங்காலுக்கும் அடியில் கொடுத்து, வழக்கம்போல் கன்னத்தைச் சாய்த்து, நிமிர்ந்தார். அவள் இடது கை தானாக அவர் கழுத்தை வளைத்துக்கொண்டது. கட்டில் காலியாக இருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கனம் கையில் ஏறத் தொடங்கியது.

"எறக்கிடட்டுமா? போட்டுருவேனோன்னு பயமா இருக்கு."

அவர் மெல்லக் குனிந்து நாற்காலிக்கு மேல் அவளைத் தாழ்த்தினார். அவள் அவர் கழுத்திலிருந்து கையை எடுத்து, நாற்காலியை எட்டி அப்பால் தள்ளிவிட்டு, மறுபடியும் அவர் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.