மாப்பிள்ளைக்கு ஜி வரவில்லை

யூகலேலே வாத்தியார் வேலை என்பது, நாலே நாலு தந்தி உள்ள ஒரு சின்ன வாத்தியத்தைக் காட்டி ஆளைச் சேர்த்துக்கொண்டு, பிறகு அவர் அதில் எழுப்பும் சத்தத்தை வாராவாரம் உட்கார்ந்து கேட்டுத் தொலைப்பது. மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் நான் இதைச் செய்துவருகிறேன். பாட்டு, பரதம், அபாகஸ் என்று எதையாவது அடுத்தவருக்குள் ஏற்றப் பார்த்து நொந்துபோன சக ஜீவன்களே, நீங்களாவது இதைப் படித்து ஆறுதல் அடையுங்கள்.

ஹாபி

பிரதீப் அடையாறிலிருந்து வந்தார். சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். விலை உயர்ந்த யூகலேலே, அதற்குத் தோல் உறை, தோளில் மாட்ட வார், சுருதி பார்க்க ஒரு கருவி எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். வாசிக்க மட்டும் தெரியாது. ஏன் திடீர் ஆசை என்று விசாரித்தேன். வரன் பார்க்கும் இணையதளத்தில் ஹாபி என்ற இடத்தில் 'யூகலேலே வாசிப்பேன்' என்று போட்டுவிட்டாராம். டிவி பார்ப்பேன் என்று போடக் கூச்சமாக இருந்ததாம். அனு என்ற பெண்ணுக்கு அது பிடித்துப்போய், நிச்சயதார்த்தமும் முடிந்துவிட்டது. இப்போது ரிசப்ஷனில் மாப்பிள்ளை வாசிப்பார் என்று பெண் வீட்டார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். பொய் என்று தெரிந்தால் அனு என்ன நினைப்பாளோ என்று கவலைப்பட்டார்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சில சுரங்களைச் சேர்த்து ஒரே மீட்டலில் ஒலிக்க வைப்பதற்குக் கார்ட் என்று பெயர். சீ, ஏ மைனர், எஃப், ஜி என்ற நாலு கார்டை இதே வரிசையில் சுற்றிச் சுற்றி வாசித்தால் எத்தனையோ காதல் பாட்டுகளை ஓட்டிவிடலாம் என்று தைரியம் சொன்னேன். அவர் போனில் குறித்துக்கொண்டு, ஆபீஸ் மீட்டிங்கில் கேட்பதுபோலக் கேட்டார்:

"இந்த நாலுல எது சார் மஸ்ட், எது ஆப்ஷனல்?"

நாலாவது ஜன்னல்

சீக்கு ஒரு விரல் போதும். ஏ மைனருக்கும் ஒரு விரல். எஃப்புக்கு இரண்டு. ஜிக்கு மூன்று விரல்கள் முக்கோணமாக நெருக்கி உட்கார வேண்டும். பிரதீப்பின் விரல்கள் உட்காரவில்லை. மோதிர விரலை அமர்த்தினால் ஆள்காட்டி விரல் எழுந்துகொள்ளும். அதைச் சமாதானப்படுத்துவதற்குள் நடுவிரல் பக்கத்துத் தந்திக்குக் குடிபோய்விடும். முதலில் தன் விரல் தடிமன் என்றார். பிறகு வாத்தியம் சின்னது என்று பெரிதாக ஒன்று வாங்கினார். அதிலும் ஜி வரவில்லை. கடைசியில் ஜியையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். வரியின் முடிவில் ஜி வந்தால்தான் பாட்டு அடுத்த சுற்றுக்குத் திரும்பும், இல்லாவிட்டால் வாசல்படியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்றேன்.

அதே வகுப்பில் பஷீர் பாய் இருந்தார். தி. நகரில் ஸ்க்ரீன் துணிக் கடை. வாடிக்கையாளர்களிடம் கத்திக் கத்தி ரத்த அழுத்தம் ஏறி, மனசுக்கு இதமாக ஏதாவது செய்யச் சொல்லி டாக்டர் விரட்டியதால் வந்தவர். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் வாசித்து ஜியைப் பிடித்துவிட்டார். அவர் பிரதீப்பின் யோசனையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, மூணு ஸ்க்ரீன்ல நாலு ஜன்னலைச் சமாளிச்சுக்கலாம்னு நானும் கஸ்டமர்கிட்ட சொல்லிப் பாத்திருக்கேன். வெயில் அந்த நாலாவது ஜன்னல்லதான் வரும்."

மாமியின் தீர்ப்பு

பிளஸ் ஒன் படிக்கும் நிவேதிதாவும் அதே வகுப்பு மாணவி. அவளைக் கொண்டுவந்து விடும் அம்மா ஜெயந்தி மாமி, திரும்பிப் போக மாட்டார். முறையாக வீணை கற்றவர். மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு, பல் வலிக்காரர் மாதிரி கன்னத்தில் கை வைத்தபடி முழு வகுப்பையும் கேட்பார். பெண் வீணையை விட்டு இதற்கு வந்த துக்கம் அவருக்கு.

ஒருநாள் இது என்ன ராகம் என்று கேட்டார். ராகம் இல்லை, கார்ட் வரிசை என்று விளக்கினேன். ஒரே நேரத்தில் பல சுரங்கள் ஒலிக்கும் அழகைப் பற்றி நானே மயங்கும் அளவுக்குப் பேசினேன். மாமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு ஸ்வரத்துல ஒழுங்கா நிக்கத் தெரியாதவாதான், நாலு ஸ்வரத்தைச் சேத்துண்டு கூட்டத்துல ஒளிஞ்சுக்கறா."

மைக்

மாமி வசவாகச் சொன்னதைப் பிரதீப் யோசனையாக எடுத்துக்கொண்டார். ரிசப்ஷன் மேடையில் பஷீர் பாயும் நிவேதிதாவும் தன் இரண்டு பக்கமும் நின்று வாசிக்க வேண்டும். ஜி வரும்போது நான் கையைத் தூக்கி ஸ்டைலாக ஆடிக்கொள்வேன், அவர்கள் வாசித்துவிடட்டும் என்றார். ஒத்திகையில் பிரமாதமாக வந்தது. கேட்டவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் தொழில் மானத்தை அடகு வைத்து நானும் தலையாட்டினேன்.

தி. நகரில் மண்டபம். பட்டுப்புடவை சலசலப்பு அடங்கியது. பிரதீப் தொடங்கினார். சீ கணீரென்று வந்தது, ஏ மைனர் வந்தது, எஃப் வந்தது. ஜிக்கு அவர் கையைத் தூக்கினார். மண்டபத்தில் மயான அமைதி. சாப்பாட்டுக்கூடத்தில் யாரோ அப்பளம் நொறுக்கிய சத்தம் கேட்டது. அடுத்த வரியிலும் அதே பள்ளம். பஷீர் பாயும் நிவேதிதாவும் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பிரதீப் மட்டும் அழகாக ஆடினார். நான் மைக்செட்காரரிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"மாப்ளைக்கு மட்டும்தான் சார் மைக் சொல்லிக்கீறாங்க. சைடுல இருக்கிறவங்க சும்மா போட்டோவுக்கு நின்னுகினுகீறாங்கன்னு நெனச்சேன்."

மணப்பெண்

பாட்டு ஒருவழியாக முடிந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், கை தட்டினார்கள். பிரதீப் வியர்த்து ஊற்ற அனுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று மேடையேறினேன். அதற்குள் அவரே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தார்: இந்த வாத்தியத்தை நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம்தான் கையால் தொட்டேன், ஹாபி என்று போட்டது பொய், நாலு கார்டில் ஜி இன்னும் கைக்கு வரவில்லை, இத்தனை நாள் உன்னிடம் சொல்லப் பயமாக இருந்தது என்று. போட்டோகிராபர் சிரிக்கச் சொல்லிக் கையாட்டிக்கொண்டிருந்தார். பிரதீப்புக்குச் சிரிப்பு வரவில்லை. அனு முன்னால் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அதிகம் அசையாமல் அவருக்குப் பதில் சொன்னாள்:

"நாலுல மூணு வருதுல்ல, விடுங்க. நானும் நல்லா சமைப்பேன்னுதான் போட்டிருக்கேன்."

சங்கீதத்தால் கல்யாணங்கள் நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது. கல்யாணங்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்ற சங்கீத வாத்தியார்கள் நிலைக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.