பிறந்த நாளுக்கு முந்தைய வியாழன்

ஓகிதா நட்சுயோவைத் தெரிந்தவர்களைக் கேட்டால், அந்த அம்மா இருக்கிற இடமே தெரியாது என்பார்கள். மீன் கடைக்காரர் அவள் கேட்டது காதில் விழாமல் இரண்டு தடவை திருப்பிக் கேட்பார். மூன்றாவது தடவை அவள் விரலால் காட்டிவிடுவாள். பிறவிக் குணம் என்று ஊர் நினைத்தது. ஊருக்கு என்ன தெரியும்?

கணவர் எய்கிச்சி முப்பத்தாறு வருஷம் இரவில் டாக்ஸி ஓட்டியவர். விடிந்து வந்து படுத்தால் சாயங்காலம் வரை தூக்கம். இரண்டே அறை வீடு, நடுவில் ஒரு காகிதக் கதவு. புதுப் பெண்ணாக வந்த நட்சுயோ முதல் வாரமே பாத்திரத்தைத் துணி மேல் வைக்கப் பழகினாள். சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். அந்த ஊர் வழக்கப்படி, வெளியே போய் வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "வந்துட்டேன்!" என்று குரல் கொடுப்பார்கள், உள்ளே இருப்பவர் "வந்தியா, வா" என்பார். அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகள் ஆளில்லாத வீட்டைப் பார்த்துக்கூட அப்படிச் சொல்லிக்கொண்டு நுழையும். நட்சுயோ மட்டும் திருடியைப் போல நுழைவாள்.

எய்கிச்சி ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆயிற்று. பகலெல்லாம் விழித்துத்தான் இருக்கிறார். ஆனால் பழக்கம் லேசில் விடுமா? அவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டித் தொலைக்காட்சி பார்க்கிறார், அவள் இன்னும் சீட்டு ஒட்டுகிறாள். "மீன் கீழ்த்தட்டில்." அதற்கு அவர் அடியில் எழுதுவார்: "சாப்பிட்டேன்." நல்ல மனுஷர்தான், சண்டை சச்சரவு கிடையாது. சண்டை போடவும் சத்தம் வேண்டுமே!

இப்படிப்பட்டவளுக்கு ஒரு வியாழக்கிழமை இருந்தது.

பல வருஷத்துக்கு முன் குடியிருப்போர் சங்கத்துச் சுற்றுலாவில், ஆள் குறைகிறது என்று அவளைப் பிடித்து இழுத்து ஷியோமி பூங்காவின் ரோலர் கோஸ்டரில் உட்கார வைத்தார்கள். 'கடல் பாம்பு' என்று அதற்குப் பெயர். உச்சிக்கு மெல்ல ஏறி, ஒரு கணம் நின்று, கடலைப் பார்த்துத் தலைகீழாகப் பாய்ந்தது. அப்போது யாரோ காது கிழியக் கத்தினார்கள். கீழே வந்த பிறகுதான் அது தன் தொண்டை என்று நட்சுயோவுக்குப் புரிந்தது. மறு வாரமே தனியாகப் போய் வருஷச் சீட்டு வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து வியாழன் தவறினதில்லை. வீட்டில் நீச்சல் வகுப்பு என்று சொல்லிவைத்தாள்.

"தொண்டை கட்டியிருக்கே?" என்று எய்கிச்சி கிசுகிசுப்பார்.

"குளத்துல மருந்து ஜாஸ்தி," என்று இவளும் கிசுகிசுப்பாள்.

கடல் பாம்புக்கு ஒரு விதி உண்டு. அறுபத்தைந்து வயது ஆனவர்கள் ஏறக் கூடாது. நட்சுயோவுக்கு வெள்ளிக்கிழமை அறுபத்தைந்து முடிகிறது. போன வியாழன் மழை, வண்டி ஓடவில்லை. ஆக இந்த வியாழன்தான் கடைசி. அதற்குப் பிறகு அவள் குரலுக்கு இந்த உலகத்தில் இடமில்லை.

கடல் பாம்பில் ஏறுகிற மேடையில் ஹிருகாவா நின்றிருந்தார். முப்பது வருஷம் நகராட்சியில் பென்ஷன் பிரிவில் இருந்துவிட்டு, பகுதிநேர வேலையாகப் போன மாதம்தான் இங்கே சேர்ந்தவர். ஒவ்வொரு இருக்கையின் கம்பியையும் விரல் நீட்டிக் காட்டி "சரி!" என்று கணீரென்று முழங்குவார். அதற்குக் கூலியும் கொடுக்கிறார்களே என்று நட்சுயோவுக்குப் பொறாமை.

அவர் அவளுடைய வருஷச் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஓகிதா அம்மா, மன்னிக்கணும். உங்களுக்கு அறுபத்தஞ்சு ஆயிடுச்சு."

"நாளைக்குத்தான் சார்," என்றாள், வழக்கமான குரலில்.

"என்ன?"

"நாளைக்கு."

"நாளைக்குப் பிறந்த நாள். ஆனா சட்டப்படி முந்தின நாளே வயசு கூடிடும். பள்ளிக்கூட வருஷம் தொடங்கற ஏப்ரல் ஒண்ணாம் தேதி பிறந்த பிள்ளை, மறுநாள் பிறந்த பிள்ளையைவிட ஒரு வகுப்பு முன்னாடி சேருதே, எதனால? பென்ஷனும் அப்படித்தான். முப்பது வருஷம் இதையேதான் பார்த்தேன், எனக்கா தெரியாது?"

வரிசையில் நின்றவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்தவர் சங்கடத்தைப் பார்க்காமலிருப்பது அங்கே மரியாதை. நட்சுயோவும் தலை குனிந்து விலகத்தான் போனாள். அதுதான் அவள் வழக்கம். இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டாள். அப்புறம் நின்றாள்.

"அந்த வயசு எத்தனை மணிக்குக் கூடுது?"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா."

"எத்தனை மணிக்குக் கூடுதுன்னு கேட்டேன்!"

அந்தச் சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. ஹிருகாவா தன்னையறியாமல் விறைப்பாக நின்றார்.

"அது... சட்டப்படி, நாள் முடியறப்போ. ராத்திரி பன்னிரண்டுக்கு."

"இப்ப மணி என்ன சார்?"

"பதினொன்னே கால்."

"ராத்திரியா, பகலா?"

"பகல்..."

"அப்ப நான் அறுபத்து நாலு! இன்னும் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் நான் அறுபத்து நாலு! வழி விடுங்க!"

வரிசையில் யாரோ கைதட்டிவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஹிருகாவா வாய்க்குள்ளேயே சட்டத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நேர்மையான ஆள் என்பதால் முகம் சிவந்தது. தொப்பியைக் கழற்றி இடுப்பு வரை குனிந்தார்.

"என் தப்பு. முப்பது வருஷமா நாளைத்தான் பார்த்தேன், மணியைப் பார்க்கலை."

அவளை முதல் வரிசையில் உட்கார வைத்து, கம்பியை இறக்கி, விரல் நீட்டி, எப்போதையும்விட உரக்கச் சொன்னார்: "ஓகிதா அம்மா, சரி!"

வண்டி ஏறியது. உச்சியில் நின்றது. நட்சுயோ வாயைத் திறந்தாள். பின்னாலிருந்தவர்கள் எல்லாம் அலறினார்கள், அவளுக்குச் சத்தமே வரவில்லை. இருந்த சத்தத்தையெல்லாம் கீழே பென்ஷன் பிரிவுக்காரரிடம் கொடுத்தாகிவிட்டது. இத்தனை வருஷமும் கண்ணை இறுக்க மூடிக் கத்தியவள், அன்றுதான் திறந்திருந்தாள். கடல் தெரிந்தது, மீன் கடை தெரிந்தது. மூன்றாவது மாடியில் அவள் வீட்டுப் பால்கனியில் எய்கிச்சி தோய்த்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் இவ்வளவு பக்கத்திலா இருந்தார்? அவளுக்கு அழுகை வந்தது. காற்று அதையும் துடைத்துக்கொண்டு போயிற்று.

இறங்கியதும் ஹிருகாவா வருஷச் சீட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "கடைசித் தடவை எப்படி இருந்துச்சும்மா?"

"தெளிவா இருந்துச்சு," என்றாள். அவருக்குப் புரிந்திருக்காது.

மாடிப்படி ஏறி, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றினாள். உள்ளே எய்கிச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், காதில் ஹெட்ஃபோன். கை தானாகச் சீட்டுக் கட்டைத் தேடியது. அதை உதறிவிட்டு மூச்சை இழுத்தாள்.

"வந்துட்டேன்!"

எய்கிச்சி துள்ளி எழுந்தார். ஹெட்ஃபோன் கீழே விழுந்தது.

"யாரது?" என்றார் வாசல் பக்கம் திரும்பி.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். நட்சுயோவுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் வலித்தது.

"நான்தாங்க. உங்க பொண்டாட்டி."

அவர் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். உதடு அசைந்தது. சொல்லிப் பழகாத சொல் என்பதால் காற்றாகத்தான் வந்தது.

"வந்தியா... வா."

"காதுல விழலை," என்றாள் நட்சுயோ.

எய்கிச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சுவரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் உரக்கச் சொன்னார்.