மூணாவது ஓலைக்கு எழுந்து நின்னுச்சு எங்கக்கா

இந்த நினைவு மலர கையில வாங்கின அத்தன பேருக்கும் ஸ்தோத்திரம். அக்காவ பத்தி நல்லதா எழுதுன்னாங்க. நல்லதாவா, உண்மையாவான்னு கேட்டேன். எதுனா எழுதுன்னுட்டு போய்ட்டாங்க. அப்ப என் இஷ்டம்தான்.

அக்கா பொறந்தது படப்பைகிட்ட. மாமா சீக்கிரமே போய்ட்டாரு. சூளையில கல்லு சொமந்து, ஒரே புள்ளைய ஐடிஐ படிக்க வச்சுது. அவன் கம்பெனியில சேந்தான். ஷிப்ட் முடிஞ்சா நேரா சாராயக்கடை. குடிச்சா கை நீளும், அம்மான்னும் பாக்கமாட்டான்.

தொண்ணூத்தொண்ணுல குன்றத்தூர்ல அவனுக்குப் பொண்ணு பேசி முடிச்சாங்க. "கட்டி வச்சா திருந்திடுவான்"னு சொன்னது யாரு? இத படிச்சிகினு கீறவங்கதான்.

நம்ம கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சி, தடை இருந்தா சொல்லுங்கன்னு கேப்பாங்களே. மொத ஓலைக்கு அப்புறம் அக்கா அவன தனியா கூப்ட்டு, "பொண்ணு வூட்ல நீயே சொல்லிடுடா"ன்னுச்சு. சிரிச்சான். ரெண்டாவதுக்கு அப்புறம் என்னையும் சபை மூப்பரையும் வச்சிகினு சொல்லுச்சு. சோத்துத் தட்ட வீசினான்.

"வுட்டுடுக்கா"ன்னேன்.

"தனியா சொல்லு, ரெண்டு பேர வச்சி சொல்லு, அப்பவும் கேக்கலன்னா சபையில சொல்லுன்னாரு ஏசப்பா. சபைதான்டி பாக்கி."

மூணாவது ஞாயிறு பொண்ணு வூட்டுக்காரங்களும் வந்துட்டாங்க. பாஸ்டர் தடை கேட்டாரு. நான் அக்கா முந்தானைய இழுத்துப் புடிச்சேன். அதோட எழுந்துச்சு.

"இருக்குதுங்க ஐயா. என் புள்ள குடிப்பான், அடிப்பான்." கையில கன்னிப்போயிருந்தத காட்டுச்சு. "தெரிஞ்சி கட்டிக்கினா அந்தப் பொண்ணு இஷ்டம். தெரியாம கட்ட வுடமாட்டேன்."

பொண்ணோட அம்மா கத்துச்சு: "எங்க வூட்ல காப்பி குடிச்சியே, அப்ப வாய் எங்க போச்சு?"

"அப்ப தைரியம் வரலம்மா. இப்பதான் வந்துச்சு."

கல்யாணம் நின்னுச்சு. மவன் வூட்ட வுட்டுப் போனான். சொந்தம் பூரா பேச்ச வுட்டுது. அக்கா ஜெபத்துல அவன் திரும்பி வரணும்னு கேட்டு நான் கேட்டதில்ல. "அவன் கை யார் மேலயும் படக்கூடாது ஆண்டவரே", அவ்ளோதான்.

அக்கா படுக்கையில வுழுந்தப்பதான் அவன் வந்து வாசப்படியில நின்னான்.

"இன்னும் குடிக்கிறியாடா?"

"ஆமாம்மா."

"பொய் சொல்லல பாரு. உள்ள வா."

கடைசி வரைக்கும் தூக்கி உக்கார வச்சி, தொடச்சி வுட்டது அவன்தான். அவனுக்கு நன்றி. கஞ்சி கொண்டாந்த பக்கத்து வூட்டுக்கும், பாஸ்டருக்கும் நன்றி. அடக்கத்துக்கு வந்த சொந்தங்களே, வழி மறக்கலியே, ரொம்ப சந்தோசம்.

அச்சுக்குப் போறதுக்கு முன்ன இத அக்கா மவனுக்குப் படிச்சி காட்டுனேன். தலைய குனிஞ்சிகினு கேட்டான். வேணாம்னா கிழிச்சிடலாம்டான்னேன்.

"இருக்கட்டும் சித்தி. இன்னும் குடிய வுடலன்னும் போட்டுடு"ன்னான்.

போட்டுட்டேன்.